கடைசிச் சொல்லிலிருந்து திருத்துங்கள்

தொழில் கடிதம் ஒன்றைத் திருத்த உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். விளிப்பை மாற்றுகிறார்கள், 'வணக்கம்' சேர்க்கிறார்கள், 'மதிப்பிற்குரிய' என்பதை 'அன்பார்ந்த' என்று ஆக்குகிறார்கள். அதற்குப் பிறகும் கடிதம் விறைப்பாகவே நிற்கிறது. தமிழ்க் கடிதத்தில் உயிர் போகும் இடம் வாக்கியத்தின் முடிவு. திருத்தத்தையும் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். காரணம் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழ் வினைமுற்றின் விகுதி, செய்தவர் யார் என்பதைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. 'அனுப்பினோம்' என்று எழுதினால் 'நாங்கள்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'அனுப்புங்கள்' என்றால், எதிரே ஒருவர் இருக்கிறார் என்பதும் அவரிடம் மரியாதையாகப் பேசுகிறோம் என்பதும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. இவ்வளவு வசதியான வினையை விட்டுவிட்டு 'அனுப்பப்பட்டது', 'அனுப்பப்படும்', 'அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று எழுதும்போது விகுதி அஃறிணைக்குப் போய்விடுகிறது. எழுதியவரும் காணோம், படிக்கிறவரும் காணோம். ஏதோ ஒன்று எங்கோ நடந்தது என்ற செய்தி மட்டும் மிஞ்சுகிறது. பேச்சில் இந்த வடிவம் அபூர்வம். எந்தக் கடைக்காரரும் போனில் 'பழுது நீக்கப்பட்டுவிட்டது' என்பதில்லை. 'சரி பண்ணிட்டோம், வந்து எடுத்துக்கோங்க' என்பார். அதே கடைக்காரர் எழுத உட்கார்ந்ததும் எழுத்திலிருந்து தன்னை நீக்கிக்கொள்கிறார்.

இந்தப் பழக்கத்தின் வேர் அரசு அலுவலக நடையில் இருக்கிறது. அங்கே அதற்கு ஒரு நியாயமும் உண்டு. மாநில அரசின் நிர்வாக நடவடிக்கைகள் எல்லாம் ஆளுநரின் பெயரால் வெளிவர வேண்டும் என்கிறது இந்திய அரசியலமைப்பின் 166ஆவது பிரிவு. அரசாணையில் கையெழுத்திடும் செயலாளர் தன் சொந்த விருப்பத்தைச் சொல்லவில்லை. பதவி பேசுகிறது, ஆள் பேசவில்லை. அதனால் 'அரசு ஆணையிடுகிறது' என்றோ 'ஆணையிடப்படுகிறது' என்றோதான் அவர் எழுத முடியும். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு அலுவலகங்கள் தமிழுக்கு மாறத் தொடங்கியபோது, ஆங்கிலக் கோப்புகளின் வாய்பாடுகள் 'தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளேன்' என்பதுபோலத் தமிழ் வடிவம் எடுத்தன. வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தனியார் நிறுவனங்களும் தமிழில் எழுதும்போது இன்றும் கைக்குக் கிடைக்கும் முன்மாதிரி இதுதான். ஆனால் கிரைண்டர் விற்கிறவருக்கும் சீட்டு நடத்துகிறவருக்கும் அரசாணையின் கட்டாயம் எதுவும் இல்லை. அவர்கள் தங்கள் பெயரில் பொருள் விற்கிறார்கள், தங்கள் பெயரில் வாக்குக் கொடுக்கிறார்கள். நம்பிக்கையை வைத்துப் பிழைக்கும் தொழிலில், வாக்குக் கொடுத்தவர் வாக்கியத்தில் இல்லாமல் போவது பெரிய இழப்பு.

ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். கிரைண்டரைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கும் ஒருவருக்கு சர்வீஸ் சென்டரிலிருந்து இப்படி ஒரு கடிதம் போவதாக வைத்துக்கொள்ளுங்கள்: 'தங்களால் பழுதுநீக்கத்திற்காக ஒப்படைக்கப்பட்ட கிரைண்டர் தொடர்பாக, உதிரிபாகங்கள் கிடைப்பதில் ஏற்பட்டுள்ள தடையின் காரணமாகப் பழுதுநீக்கும் பணி நிறைவு செய்யப்படுவதில் காலதாமதம் ஏற்பட்டுள்ளது எனவும், மேற்படி பணி விரைவில் மேற்கொள்ளப்பட்டுத் தங்களுக்கு உரிய தகவல் அளிக்கப்படும் எனவும், இதனால் ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துவதாகவும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஒரு பென்சிலை எடுத்து, 'படு' சேர்ந்த ஒவ்வொரு வினையின் கீழும் கோடு போடுங்கள். ஐந்து இடங்கள் தேறும். எல்லாம் தானாக நடந்ததுபோல் காட்டும் 'ஏற்பட்ட' என்ற வினையும் அதன் வடிவங்களும் இன்னும் மூன்று. கோடு போட்ட ஒவ்வொரு சொல்லிடமும் 'யார்?' என்று கேளுங்கள். யார் பழுது நீக்குவார்கள்? யார் தகவல் சொல்வார்கள்? பதில் கிடைத்ததும் அந்த ஆளுக்குரிய விகுதியை வினையில் போடுங்கள்: நீக்குவோம், சொல்வோம், கொடுத்தீர்கள். இந்த வேலைக்கு இலக்கியப் புலமை வேண்டாம், அகராதியும் வேண்டாம். எழுதத் தெரிந்த எவரும் செய்துவிடலாம்.

இப்படிக் கேட்கத் தொடங்கினால் வேறொன்றும் வெளியே வரும். 'விரைவில் மேற்கொள்ளப்படும்' என்பதை 'சரிசெய்து தருவோம்' என்று மாற்றியவுடன் 'எப்போது?' என்ற கேள்வி தானாக எழுகிறது. 'உதிரிபாகம் கிடைப்பதில் தடை' என்பதை 'எங்களுக்கு இன்னும் வரவில்லை' என்று ஆக்கினால் 'எது வரவில்லை?' என்று கேட்கத் தோன்றுகிறது. கடிதம் எழுதியவருக்கே இவை தெரியாமல் இருந்திருக்கலாம். செயப்பாட்டுவினையின் பெரிய கெடுதல் இதுதான் என்பது என் கருத்து. அது ஆளை மறைப்பதோடு நிற்காமல், எழுதுகிறவர் விசாரிக்காமல் விட்டதையும் மறைத்துவிடுகிறது. ஆகவே நல்ல திருத்தம் பாதி வேளைகளில் எழுத்து மேசையை விட்டு எழுந்து பட்டறைக்கோ கணக்குப் பிரிவுக்கோ போய்க் கேட்பதில் முடியும். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அதே கடிதம் இப்படி ஆகலாம்: 'உங்கள் கிரைண்டரைச் சொன்ன தேதியில் எங்களால் தர முடியவில்லை. அதற்கு வேண்டிய புது மோட்டார் இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை. வெள்ளிக்கிழமை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்த மறுநாளே மாட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறோம். அதுவரை மாவுக்கு என்ன செய்வது என்ற சிரமம் உங்களுக்கு இருக்கும். வேண்டுமானால் எங்கள் கடையில் உள்ள ஒரு கிரைண்டரை இரவலாக எடுத்துச் செல்லுங்கள்.' இந்தக் கடிதத்தில் கனிவான அடைமொழி ஒன்றுகூட இல்லை. 'வருந்துகிறோம்' என்ற சொல்லும் இல்லை. மாவு அரைக்க முடியாமல் ஒரு வீடு இருக்கிறது என்று எழுதியவர் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பது தெரிகிறது. கடிதத்தின் கனிவு அந்த எண்ணத்தில் இருக்கிறது. உயிரோட்டமான நடை என்று நாம் சொல்வது மேலே தூவிய இனிப்பு அன்று. ஆளும் நாளும் பொருளும் வாக்கியத்துக்குத் திரும்பி வந்தாலே அது வந்துவிடுகிறது.

இரண்டாவது திருத்தமும் வாக்கிய முடிவைப் பற்றியதே. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், ஒரு வாக்கியம் ஆம் என்கிறதா இல்லை என்கிறதா என்பது அதன் கடைசிச் சொல்லில்தான் தெரியும். நான்கு எச்சங்களையும் இரண்டு 'எனவும்'களையும் கோத்து எழுதினால், படிக்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை காத்திருக்க வேண்டும். 'தாங்கள் விண்ணப்பித்த கடனைப் பரிசீலித்ததில், தங்களின் வருமான ஆவணங்களையும் முந்தைய கடன் நிலுவையையும் கருத்தில் கொண்டு, தற்போதைய சூழலில் வழங்க இயலாத நிலை உள்ளது' என்ற வாக்கியத்தில், தனக்குக் கடன் இல்லை என்பதை ஒருவர் பதினைந்து சொல்லைத் தாண்டிய பிறகே அறிகிறார். கடன் கிடைக்கும் என்ற வாக்கியமும் கடைசி மூன்று நான்கு சொல் தவிர இதே அச்சில்தான் இருந்திருக்கும். முடிவைத் தனியாக வெட்டி முதலில் வையுங்கள்: 'இந்தக் கடனை இப்போது எங்களால் தர முடியவில்லை.' காரணங்கள் அடுத்தடுத்த சிறு வாக்கியங்களில் வரட்டும். கெட்ட செய்தியை மெல்லச் சொல்வதுதானே பண்பு என்று சிலர் நினைப்பார்கள். நேரில் பேசும்போது அது சரி. எதிரே இருப்பவரின் முகம் பார்த்து நிறுத்தவும் தொடரவும் முடியும். தாளில் அந்த வசதி இல்லை. அங்கே தாமதம், படிக்கிறவரை வாக்கியத்துக்குள் அலைய விடுவதாகவே முடிகிறது.

வாக்கியத்தைச் சுற்றிய உறையையும் இதே வேளையில் கழற்றிவிடலாம். 'என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறோம்' என்பதை எடுத்துவிட்டால் எந்தக் கடிதமும் ஒரு தகவலையும் இழப்பதில்லை. கடிதம் எழுதுவதே தெரிவிப்பதுதான். இதன் விலையைக் கணக்கிட்டே பார்க்கலாம். கைபேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகளுக்கு 160 இடங்கள். தமிழ்போல யூனிகோடில் போகும் மொழிகளுக்கு 70 இடங்கள்தான். அதிலும் புள்ளி வைத்த மெய்க்கும், அகரம் தவிர்த்த உயிர்மெய்க்கும் தலா இரண்டு இடம். 'தெரிவித்துக்கொள்ளப்படுகிறது' என்ற ஒரே சொல் 27 இடங்களைப் பிடிக்கிறது. செய்தியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒன்றையும் சொல்லாத ஒரு சொல்லுக்குப் போய்விடுகிறது; மீதிச் செய்தி அடுத்த பகுதிக்கு வழிந்தால் நிறுவனம் அதற்கும் காசு கொடுக்கிறது. சொல் பெருக்கத்தைக் குற்றமாகப் பார்ப்பது நமக்குப் புதிதும் அன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் சேர்த்திருக்கிறது. பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் இருக்கின்றன. அலுவலக நடையே மரபு நடை என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். அலுவலக நடை நம் மரபிலிருந்து வரவில்லை, கோப்பிலிருந்து வந்தது.

வினை பெயராக உறைந்துபோகும் இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 'ஆய்வு மேற்கொண்டோம்' என்றால் பார்த்தோம். 'பரிசீலனைக்கு உட்படுத்துகிறோம்' என்றால் யோசிக்கிறோம். 'விநியோகம் செய்யும் நடவடிக்கை' என்றால் கொண்டுவந்து கொடுப்பது. 'மேற்கொள்', 'உட்படுத்து' என்ற இரண்டையும் கண்டால் நின்று, பக்கத்தில் உள்ள பெயருக்குள் எந்த வினை இருக்கிறது என்று பாருங்கள். 'விரைவில்', 'உரிய நடவடிக்கை', 'தவிர்க்க முடியாத காரணங்களால்' ஆகிய மூன்றும் இதே குடும்பம். முதலாவதன் இடத்தில் ஒரு நாளையும், இரண்டாவதன் இடத்தில் ஒரு செயலையும், மூன்றாவதன் இடத்தில் அந்தக் காரணத்தையும் வையுங்கள்.

இதற்கெல்லாம் முதலில் வரும் ஆட்சேபம் மரியாதை பற்றியது. 'செலுத்துங்கள்' என்று நேராக எழுதினால் அதட்டுவதுபோல் இருக்காதா, 'செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்பதில்தானே பணிவு இருக்கிறது என்று கேட்பார்கள். இந்தக் கவலையை அலட்சியம் செய்யக் கூடாது. தமிழ் வாசகர் மரியாதைக் குறைவை உடனே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் தமிழில் மரியாதை இருக்கும் இடம் வேறு. 'நீங்கள்', 'உங்கள்', 'செலுத்துங்கள்', 'செலுத்திவிடுங்கள்' என்ற வடிவங்களில் அது முழுமையாக இருக்கிறது. இன்னும் சற்று மென்மை வேண்டுமென்றால் காரணத்தைச் சேர்க்கலாம்: '10ஆம் தேதிக்குள் செலுத்திவிட்டால் அபராத வட்டி வராது.' கேட்டுக்கொள்ளப்படுவதில் கேட்கிற ஆளே இல்லை. ஆளில்லாத இடத்தில் பணிவு எங்கிருந்து வரும்? 'தாங்கள்' என்பதை முதியவர்களுக்கு எழுதும்போதோ திருமண வீட்டார் அழைப்பு அனுப்பும்போதோ வைத்துக்கொள்ளலாம். அன்றாட வணிகத்துக்கு 'நீங்கள்' குறைவே அன்று. இன்னொரு நுட்பமும் உண்டு. நிறுவனம் செய்வதற்கு 'நாங்கள்', வாடிக்கையாளரையும் சேர்த்துச் சொல்வதற்கு மட்டும் 'நாம்'. 'நாம் கட்டணத்தை உயர்த்தியிருக்கிறோம்' என்று படிப்பவர், உயர்த்தியதில் தனக்குப் பங்கில்லை என்பதை அறிவார். பல மொழிகளில் இல்லாத இந்த வேறுபாட்டைத் தமிழ் நம் கையில் கொடுத்திருக்கிறது. தவறாகப் பயன்படுத்தினால் நட்பாகத் தோன்ற வேண்டிய வாக்கியம் ஏமாற்றாகத் தோன்றும்.

அடுத்த ஆட்சேபம் வழக்கறிஞர்களிடமிருந்து வரும்: 'நாங்கள் செய்வோம்' என்று எழுதிவிட்டால் நாளை அது நம்மைக் கட்டிப்போடும். உண்மைதான், கட்டிப்போடும். ஆனால் ஆளை மறைத்த வாக்கியம் காப்பாற்றும் என்பதுதான் தவறு. 'பழுதடைந்த பொருள் 7 நாட்களுக்குள் திருப்பி அளிக்கப்பட வேண்டும்' என்ற விதியைப் பாருங்கள். வாடிக்கையாளர் 7 நாட்களுக்குள் கடைக்குத் திருப்பித் தர வேண்டுமா, கடை பழுது நீக்கி 7 நாட்களுக்குள் அவருக்குத் திருப்பித் தர வேண்டுமா? இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகப் படிக்கலாம், சண்டையும் அங்கேதான் தொடங்கும். ஒரு வாசகம் இரண்டு பொருள் தந்தால் அதை எழுதிய தரப்புக்கு எதிரான பொருளையே கொள்ளும் விதியை இந்திய நீதிமன்றங்கள் காப்பீட்டு வழக்குகளில் பலமுறை கையாண்டிருக்கின்றன. ஒழுங்குமுறை அமைப்புகளும் தெளிவின் பக்கம் நகர்ந்துவிட்டன. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களின் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்கிறது. அந்த அறிக்கையில் சொல்லாத கட்டணத்தை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கவும் கூடாது. யார், எவ்வளவு, எப்போது என்று எழுதுவது துணிச்சலான நடையாக இருந்த காலம் போய், இப்போது எச்சரிக்கையான நடையாகவே ஆகியிருக்கிறது.

நெருக்கமாக எழுதினால் போலியாகிவிடும் என்ற ஆட்சேபத்தை நானும் பாதி ஏற்கிறேன். 'எங்கள் குடும்பத்தில் ஒருவரான உங்களுக்கு' என்று தொடங்கி நிலுவைத் தொகை கேட்கும் கடிதம், வெறும் நிலுவைக் கடிதத்தைவிட மோசம். பேச்சு மொழியை அப்படியே தாளில் இறக்குவதும் தீர்வாகாது; தூத்துக்குடியின் பேச்சும் சேலத்தின் பேச்சும் ஒன்றில்லை, ஒரு வட்டாரத்தின் குழைவு இன்னொரு வட்டாரத்துக்கு நடிப்பாகத் தெரியும். நான் சொல்லும் திருத்தம் எழுத்துத் தமிழுக்குள்ளேயே நிற்கிறது: பேச்சின் வினைகளும் பேச்சின் வாக்கிய நீளமும், எழுத்தின் வடிவத்தில். சொற்களில் மட்டும் தாராளமாக இருங்கள். வாடிக்கையாளர் டெலிவரி, வாரண்டி, சர்வீஸ் என்று சொன்னால் கடிதமும் அப்படியே சொல்லட்டும். எந்த அளவுக்கு நெருங்கலாம் என்பதற்கு அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் நல்ல எல்லை காட்டுகிறார். அமெரிக்கப் பங்கு பரிவர்த்தனை ஆணையம் 1998இல் எளிய ஆங்கிலத்துக்கென வெளியிட்ட கையேட்டின் முன்னுரையில், பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸ், பெர்ட்டி இருவரிடமும் பேசுவதாக நினைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இருவரும் அறிவாளிகள், ஆனால் கணக்கியல் வல்லுநர்கள் அல்லர். அந்த அறிக்கைகள் சகோதரிகளைக் கொஞ்சவில்லை. இலாபம், நட்டம், காப்பீட்டுக் கணக்கு பற்றிக் கறாராகப் பேசுகின்றன. மனதில் இரண்டு முகங்களை வைத்துக்கொண்டதால் எழுதியவருக்கு எதை விளக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெரிந்திருக்கிறது. உங்கள் கடிதத்துக்கும் அப்படி ஒரு முகம் வேண்டும்: தவணை தவறிய ஒரு தையற்கடைக்காரர், முதன்முதலாகக் காப்பீடு எடுக்கும் ஓர் ஆசிரியை.

'படு' வினைகள் எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டும் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்தவர் யாரென்று தெரியாதபோதும், தெரிந்தாலும் அது பொருட்டில்லாதபோதும் அந்த வடிவமே சரி. 'நேற்றிரவு எங்கள் கிடங்கின் பூட்டு உடைக்கப்பட்டது' என்பதில் திருத்த ஒன்றுமில்லை. வாடிக்கையாளரின் தவறைச் சொல்ல நேரும்போதும் அது கைகொடுக்கும்: 'படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை' என்று சுட்டுவதைவிட 'படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து விடுபட்டிருக்கிறது' என்பது நயம். நம் தவறுக்கு இந்தச் சலுகை கிடையாது. 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதும் நிறுவனம் அந்தத் தவறை வானிலைபோல் ஆக்கிவிடுகிறது. 'உங்கள் பில்லில் தவறாகக் கூட்டிவிட்டோம், 340 ரூபாயைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்' என்பதைப் படித்தவர் கோபத்தைத் தொடர வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

நாள்தோறும் எழுதும் நூறு கடிதங்களுக்கும் இப்படி உட்கார நேரம் கிடைக்காது என்பது நியாயமான கவலை. ஆனால் அந்த நூறில் பெரும்பாலானவை நான்கைந்து வார்ப்புகளிலிருந்து வருகின்றன: தாமதம், நினைவூட்டல், மறுப்பு, விலை மாற்றம், நன்றி. வணிகக் குறுஞ்செய்திகளுக்கோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிமுறைகளின் கீழ், வார்ப்பை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். ஒருமுறை பதிவான மோசமான வாக்கியம் ஆயிரக்கணக்கான கைபேசிகளுக்கு அப்படியே போகும். ஒரு பிற்பகலை அந்த நான்கைந்து வார்ப்புகளுக்கு ஒதுக்குங்கள். வினைகளின் கீழ் கோடு போட்டு, ஆளைக் கேட்டு, நாளைக் கேட்டு, முடிவை முன்னே வைத்து எழுதிய பிறகு, உங்களோடு வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்து வாடிக்கையாளருக்குப் போனில் சொல்வதுபோல் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நாக்கு தடுக்கும் இடத்தையும், தன்னையறியாமல் வேறு சொல்லுக்கு மாறும் இடத்தையும் குறித்துக்கொண்டு, அவர் மாற்றிச் சொன்னதை எழுத்து வடிவில் வைத்துவிடுங்கள். கடைசியில் கையெழுத்துக்கு வாருங்கள். 'நிர்வாகம்' என்று மட்டும் போட்டு முடிக்கும் கடிதத்தில் 'நாங்கள்' என்று பேசியவர்கள் யார் என்பது இன்னும் தெரியவில்லை. அந்த வேலைக்குப் பொறுப்பான ஒருவரின் பெயர், அவர் பார்க்கும் பிரிவு, கூப்பிட்டால் அவர் எடுக்கும் எண், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை எடுப்பார் என்ற நேரம் ஆகியவற்றை அங்கே எழுதுங்கள்.